வெற்று வரிக்குக் கீழே

அக்டோபரின் கடைசி ஞாயிறு இந்த நாட்டில்
இரவு மூன்று மணி ஆனதும் மறுபடி இரண்டாகும்.
இரண்டு இருபதுக்கு ஒரு பஸ்.
ஒரு மணி நேரம் கழித்து
இரண்டு இருபதுக்கே இன்னொரு பஸ்.
ஒரே நேரம் இரு தடவை வந்தால் பிழை என்று
எங்கள் நிரல்
இரண்டாவதைத் துடைத்துவிட்டது.
பீல் நகரத்து நிறுத்தங்களில் எல்லாம்
பலகை இருண்டு கிடக்க
பஸ் மட்டும் வந்து நின்றது.

லாடினாவும் நானும் மூன்று நாள் தேடினோம்.
ஒரே மடிக்கணினி, அவளுடையது.
என்னுடையதில் காப்பி கொட்டியிருந்தேன்.
நான் சொல்ல அவள் தட்டினாள்,
சொன்னதில் பாதியைத் திருத்தினாள்,
திருத்தியதை நான் அழிக்கச் சொன்னேன்.
எந்த அரைப்புள்ளி எவளுடையது என்று கேட்டால்
இருவருக்குமே தெரியாது.

விடை வந்தது மெட் போகும் கடைசி வண்டியில்.
என் கழுத்து அட்டையில் கம்பனிப் பெயரைப் பார்த்த ஓட்டுநர்
டியூட்டித் தாளின் பின்பக்கத்தை நீட்டினார்.
"இது அதே மணி இல்லை.
அதே பெயர் வைத்த வேறு மணி."

அதன்பிறகு எழுத நான்கு வரிதான் இருந்தது.

சேமிக்கும்போது மெஷின்
மடிக்கணினிக்காரியின் பெயரைக் கேட்காமலே போட்டுக்கொள்ளும்.
"இரு" என்றாள் லாடினா.
அடியில் ஒரு வெற்று வரி விட்டாள்.
அதை விடாவிட்டால் பெயர் பெயராகாது,
பேச்சோடு பேச்சாகப் போய்விடும்.
பிறகு, இணைந்து எழுதியவர்,
இரட்டைப்புள்ளி,
யாழ்வதனி கனகசூரியம்.

கனகசூரியம் என் அப்பா.
படிவம் நிரப்பிய எழுத்தர் ஒருவர்
அவரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்.
லவுசானில் ஹோட்டல் சமையலறை வேலை முடித்துத் தூங்குகிற மனிதர்
என் ஒவ்வொரு திருத்தத்திலும் வந்து நிற்கிறார்.
அம்மாவுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

"ஓட்டுநரையும் போடு" என்றேன்.
கோண அடைப்புக்குள் மின்னஞ்சல் வேண்டுமாம்.
மறுநாள் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது கேட்டேன்.

"தப்பாகப் போனால் என்னையும் பிடிப்பீர்களா?"
"பிடிக்கலாம்."
"அப்படியென்றால் சரி. வெறும் புகழ் என்றால் வேண்டாம்."
மகளின் முகவரியைத் தந்தார்.
பெசிம் சொல்லாக்கு.
முதலெழுத்துக்கு அடியில் ஒரு வால் உண்டு,
விட்டால் அது வேறு ஆள் என்றார்.
தமிழில் அந்தப் பெயர் எப்படிக் கேட்கிறது என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.

மார்ச்சில் மணி இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவியது.
எங்கள் நான்கு வரி
இல்லாத இரண்டு இருபதுக்கு
ஒரு பஸ்ஸைக் காட்டியது.
மழையில் ஆட்கள் காத்து நின்றார்கள்.

திங்கட்கிழமை மேலாளர் ரூக்டி
இந்த வரி யாருடையது என்று தேடினார்.
அந்தக் கட்டளைக்கு வைத்திருக்கும் பெயரே பழி.
அது வெற்று வரிக்குக் கீழே வாசிப்பதில்லை.
திரையில் லாடினா மட்டும்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"இரண்டாவது வரி என்னுடையது" என்று எழுந்தேன்,
என்னுடையதுதானா என்று தெரியாமலே.
லாடினா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்,
காப்பி கொட்டிய அன்று பார்த்த அதே பார்வை.

இந்த முறை என் மடிக்கணினி.
மேலே நான்.
கீழே வெற்று வரி, அவள், பெசிம்.

மாலையில் ஒரு மின்னஞ்சல், மகளிடமிருந்து:
"பழுது அறிவிப்பு என் பெட்டிக்கு வந்தது.
இந்தத் தப்பில் தன் பங்கு எது என்று
அப்பாவுக்கு விளங்கவில்லையாம்.
ஆனால் அன்றிரவு டிப்போவுக்குத் திரும்பும் வழியில்
நிறுத்தத்தில் நனைந்துகொண்டிருந்த மூன்று பேரை
வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கினாராம்.
அதைச் சொல்லச் சொன்னார்."

கையொப்பத்தில் வால் சரியாக இருந்தது.